21.7 சென்ரிமீற்றர் நீளமான கிபிர்

போர் விமானங்களின் உலோக மாதிரிகளைச் சேகரிப்பது மேற்கு நாடுகளிலும் ஜப்பானிலும் பலருக்குப் பெரிய பொழுதுபோக்கு. இவை சிறுவர்களின் விளையாட்டுச் சாமான்கள் அல்ல. கண்ணாடி அலுமாரியில் வைப்பதற்காகப் பெரியவர்கள் காசு கொடுத்து வாங்குபவை. கிபிரின் மூதாதையான மிராஜும், எவ்-7 விமானத்தின் மூலமான மிக்-21 உம் அந்த அலுமாரிகளில் இருக்கின்றன.

இவற்றின் உடல் 'சமாக்' எனும் கலப்புலோகத்தால் ஆனது. நாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றைக் கலந்து, ஏறத்தாழ 400 பாகை செல்சியசில் உருக்கி, உருக்கு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்துவார்கள். அதனால்தான் கையில் எடுத்தால் பாரமாக இருக்கும். மெல்லிய பாகங்கள் பிளாஸ்டிக். குண்டுகளையும் எரிபொருள் தாங்கிகளையும் விரும்பியபடி பூட்டலாம், கழற்றலாம்.

பரவலான அளவு 1:72. ஆறு அடி மனிதன் இதில் ஓர் அங்குலம். இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தை உருவத்தால் அடையாளம் காணப் பழக்குவதற்கு இந்த அளவு மாதிரிகளே பயன்பட்டன. 1942 இல் அமெரிக்கக் கடற்படை, பாடசாலை மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செய்து தரும்படி கேட்டது.

வன்னியில் படித்த எங்களுக்கு மாதிரி தேவைப்படவில்லை. சத்தத்திலேயே கண்டுபிடித்தோம். ஆனாலும் சத்தம் வந்த திசையில் அண்ணாந்து பார்த்தால் கிபிர் அங்கே இருக்காது. அதற்குக் காரணம் எளிய கணக்கு. 1,500 மீற்றர் உயரத்திலிருந்து சத்தம் தரைக்கு வர நான்கு செக்கனுக்கு மேல் ஆகும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானம் அதற்குள் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் போயிருக்கும். சத்தம் கேட்டபின் பங்கருக்கு ஓடிய பலருக்கு நேரம் போதாமல் போனது இதனாலும்தான்.

இஸ்ரேலியத் தயாரிப்பான கிபிர், ஹீப்ரு மொழியில் 'சிங்கக்குட்டி'. மிராஜின் உடலமைப்பில் அமெரிக்க ஜே-79 இயந்திரத்தைப் பொருத்தி உருவாக்கினார்கள். இலங்கை விமானப்படைக்கு 1996 இல் வந்தது. நீளம் 15.65 மீற்றர். 1:72 இல் செய்தால் 21.7 சென்ரிமீற்றர், ஒரு கொப்பி அளவு. அதே கணக்கில் பங்கருக்குள் குந்தியிருந்த நாலடிப் பிள்ளை, எழுந்து நின்றாலும் 1.7 சென்ரிமீற்றர். 1,500 மீற்றர் உயரம் என்பது ஏறத்தாழ 21 மீற்றர், ஓர் உயர்ந்த தென்னைக்குச் சற்று மேலே.

சேகரிப்பவர்கள் மிக நுணுக்கமானவர்கள். பொதுவாக ஒரு போர் விமானம் என்றால் அவர்களுக்குப் போதாது. எந்தப் படைப்பிரிவு, எந்த வால் இலக்கம், எந்தத் தளம், எந்த ஆண்டு என்று கேட்பார்கள். வானில் வீழ்த்திய எதிரி விமானங்களின் அடையாளங்கள் விமானியின் இருக்கைக்குக் கீழே இருந்திருந்தால், மாதிரியிலும் அவற்றை எண்ணிப் பதிப்பார்கள். தரையில் இறந்தவர்களுக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை.

இதற்காகச் சேகரிப்பவர்களைக் கோபிப்பதில் பயனில்லை. அவர்களின் பழக்கத்தில் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2006 ஓகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் குண்டு விழுந்ததை உலகம் அறியும். பெயர் தெரியாத எத்தனையோ ஒழுங்கைகளிலும் தோட்டக்காணிகளிலும் விழுந்தவை, பார்த்தவர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன. அவர்களுக்கும் வயது போகிறது.

இலங்கையின் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க 2021 இல் 5 கோடி அமெரிக்க டொலர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. விமானங்களைப் பேண ஆட்களும் பணமும் இருக்கின்றன. கீழே நடந்ததைப் பேண நாங்கள்தான் இருக்கிறோம். உங்கள் வீட்டு அம்மம்மாவிடம் இன்றே கேளுங்கள். திகதி, நேரம், ஊர், எந்த வளவு, யார் யார் இருந்தார்கள். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.