கெட்ட செய்தியைச் சொல்ல விடுகிற கம்பெனியா?

மருந்து, தடுப்பூசி, நோயறியும் கருவி என்று உயிர்அறிவியல் துறையில் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு மற்ற தொழில்களில் இல்லாத ஒரு சிரமம் உண்டு. ஒரு மருந்து கடைக்கு வர பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை வருமானம் இல்லை. அடுத்தவர் பணத்தில்தான் ஆய்வகம் ஓடவேண்டும். ஒவ்வொரு முறை முதலீடு கேட்கப் போகும்போதும் காட்டுவதற்கு ஒரு நல்ல முடிவு வேண்டும். அந்த நெருக்கடி நிறுவனரிடமிருந்து குழுத் தலைவருக்கும், அவரிடமிருந்து சோதனை மேசையில் நிற்கும் இளம் ஆய்வாளருக்கும் இறங்குகிறது. அங்கே ஒரு எண்ணைக் கொஞ்சம் திருத்திவிட்டால் போதும், எல்லோருக்கும் மூச்சு விட இடம் கிடைத்துவிடும்.

அந்தத் திருத்தத்தால் பணம் போட்டவரும் வேலை பார்ப்பவரும் மருந்தை நம்பிய நோயாளியும் சேர்ந்தே ஏமாறுகிறார்கள். மூவருக்கும் சட்டத்தில் உரிமைகள் இருக்கின்றன. தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். ரான்பாக்சி, இந்தியாவின் மிகப் பெரிய மருந்து கம்பெனிகளில் ஒன்றாக இருந்தது. 2004-ல் அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் ராஜிந்தர் குமார். பல நாடுகளின் அரசுகளிடம் கம்பெனி கொடுத்திருந்த மருந்துத் தரவுகள் உண்மைதானா என்று துருவிப் பார்க்கும் வேலையை அவர் தினேஷ் தாக்கூர் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தார். தாக்கூரின் குழு நாடு நாடாக, மருந்து மருந்தாக அட்டவணை போட்டது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில், 200-க்கும் மேற்பட்ட மருந்துகளில் சிக்கல் இருப்பது தெரிந்தது. செய்யாத சோதனைக்கு முடிவு எழுதியிருந்தார்கள். குமார் அதையெல்லாம் அறிக்கையாக்கி, இயக்குநர்கள் முன்னால் வைத்தார். எதுவும் மாறவில்லை. குமார் விலகினார். 2005-ல் தாக்கூரும் வெளியேறி, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு எழுதினார்.

2008-ல் ஜப்பானின் டாய்ச்சி சாங்யோ பெரும் தொகை கொடுத்து ரான்பாக்சியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அதே ஆண்டு பவண்டா சாகிப், தேவாஸ் ஆலைகளின் மருந்துகளுக்கு அமெரிக்கா தடை போட்டது. 2013-ல் ரான்பாக்சி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. தகவல் சொன்னவர் என்ற முறையில் அந்த நாட்டுச் சட்டப்படி தாக்கூருக்கு அதில் சுமார் 4.8 கோடி டாலர் கிடைத்தது. 2016-ல் சிங்கப்பூர் நடுவர் மன்றம், விற்றவர்கள் உண்மையை மறைத்துவிட்டார்கள் என்று சொல்லி, டாய்ச்சிக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மறைக்கப்பட்டதாக அங்கே பேசப்பட்டது, 2004-ல் குமாரும் தாக்கூரும் எழுதி வைத்த அந்த அறிக்கைதான்.

குழுவை நன்றாக நடத்துவது என்றால் என்ன என்று கேட்டால் குமார் செய்ததைத்தான் நான் காட்டுவேன். சந்தேகம் வந்ததும் தேடச் சொன்னார். தேடியவரைத் தனியாக விடாமல், கிடைத்ததைத் தன் பொறுப்பில் மேலே கொண்டுபோனார். வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுத்தில் வைத்தார். அன்றைக்கு இயக்குநர்கள் அதற்குக் காது கொடுத்திருந்தால் அந்தக் கம்பெனி இன்னும் அந்தப் பெயரிலேயே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் தெரனோஸ் கதை பலருக்கும் தெரியும். விரல் நுனி ரத்தத்தில் ஏராளமான சோதனைகள் என்று சொல்லி எலிசபெத் ஹோம்ஸ் 70 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். வழக்கில் வெளிவந்த ஒரு காகிதத்தைக் கவனியுங்கள். தங்கள் கருவியைப் பற்றித் தாங்களே எழுதிய அறிக்கையின் உச்சியில் ஃபைசர் கம்பெனியின் முத்திரையை ஒட்டி முதலீட்டாளர்களிடம் காட்டியிருந்தார்கள். முத்திரையைச் சேர்த்தது தான்தான் என்று ஹோம்ஸே சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். ஃபைசருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆய்வகத்துக்குள்ளேயோ, தரக்கட்டுப்பாட்டுச் சோதனையில் ஒத்துவராத எண்களை நீக்கும் பழக்கம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேலையை விட்ட எரிகா சியுங் என்ற இளம்பெண் 2015-ல் அரசு ஆய்வக மேற்பார்வை அமைப்புக்கு எழுதினார். 2022-ல் ஹோம்ஸுக்கு 11 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. அது முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்கான தண்டனை. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சாட்டப்பட்ட குற்றங்களிலிருந்து நடுவர்கள் அவரை விடுவித்துவிட்டார்கள். தவறான ரத்த அறிக்கையைக் கையில் வாங்கிய மனிதர்களை நினைத்தால் இது மனதை உறுத்துகிறது.

நம்மூரில் இப்படி முதலீடு கேட்டு யாராவது வந்தால் என்ன செய்வது? 'பயோடெக் கம்பெனி, இரண்டு வருஷத்தில் ஐ.பி.ஓ. வரப்போகிறது, இப்பவே ஷேர் வாங்கிப் போடுங்க' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அந்தச் செய்தியே முதல் எச்சரிக்கை. கம்பெனிச் சட்டம் 2013-ன் 42-ஆம் பிரிவுப்படி, பங்குச் சந்தைக்கு வராத கம்பெனி தனிப்பட்ட முறையில் பங்கு விற்கும்போது ஊரறிய விளம்பரம் செய்யக்கூடாது. உங்கள் பெயருக்கே எழுதிய அழைப்புக் கடிதம் வரவேண்டும். பெரிய நிதி நிறுவனங்களையும் ஊழியர் பங்குத் திட்டத்தையும் தவிர்த்து, ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைக்கக்கூடாது. பணத்தை ரொக்கமாக வாங்கக்கூடாது. வங்கி வழியாகத்தான் போகவேண்டும். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். அதையும் தாண்டினால் 60-ஆம் நாளிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேர்த்துத் தரவேண்டும். நிறுவனரின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கம்பெனியின் ஆண்டறிக்கைகளைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். 'மனிதர்களிடம் பரிசோதனை நடக்கிறது' என்று சொன்னால், சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் தேடுங்கள். 2009 முதல் அங்கே பதிவு செய்வது கட்டாயம், பார்க்கக் கட்டணமும் இல்லை. பெரிய மருத்துவமனையோ கம்பெனியோ கூட்டாளி என்றால், அவர்களிடமே நேராகக் கேளுங்கள். எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி வேறு: 'உங்கள் ஆய்வில் இதுவரை எது தோற்றது? அதை முதலில் சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார்?' நேர்மையான நிறுவனருக்கு இதற்குப் பதில் இருக்கும். எல்லாமே வெற்றி என்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால், நிறுவனப் பதிவாளரிடம் புகார் கொடுக்கலாம். பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பகுதியாவது வைத்திருப்பவர்கள், அல்லது பங்குதாரர்களில் 100 பேரோ பத்தில் ஒரு பங்கினரோ சேர்ந்தால், தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கே போகலாம். மோசடி நிரூபணமானால் கம்பெனிச் சட்டத்தின் 447-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. பங்கு என்று சொல்லாமல் டெபாசிட்டாக வாங்கி, வட்டி தருவதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தால், தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் அதை விசாரிக்கும்.

தரமணி டைசல் பூங்கா மாதிரியான இடங்களில் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்த கையோடு வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். சம்பளத்தைக் குறைத்து 'ஈசாப்' பங்கு தருகிறோம் என்றால் எழுத்தில் வாங்குங்கள். கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் அது உங்கள் கைக்கு வரும்; அதற்குள் விலகினால் போய்விடும். பங்காக மாற்றும்போது, விற்காமலேயே, சம்பளத்தில் சேர்த்து வருமான வரி வரும். பி.எஃப். பிடித்தம் உங்கள் கணக்கில் ஏறுகிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். பணம் தீர்ந்து திணறும் கம்பெனிகள் முதலில் கைவைக்கும் இடம் அது. விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரவே கூடாது என்று போடும் நிபந்தனை, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆனால் கம்பெனி ரகசியத்தை எடுத்துப்போக உரிமை இல்லை.

இரண்டாவது விஷயம் கஷ்டமானது. தரவைத் திருத்தச் சொன்னால் என்ன செய்வது? பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குபவையும் பெரிய வங்கிக் கடன் உள்ளவையும் முறையிடுவதற்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சின்ன ஸ்டார்ட்-அப்களுக்கு அந்தக் கட்டாயமில்லை. தாக்கூருக்கு அமெரிக்கச் சட்டம் கொடுத்த பாதுகாப்பும் பணமும் இங்கே தனியார் ஊழியருக்கு இல்லை. இது பெரிய குறை. சட்டம் இயற்றுபவர்கள் சரிசெய்தே ஆகவேண்டும். அதுவரை, மறுப்பைத் தேதியிட்டு மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். ஆய்வுக் குறிப்பேட்டில் அசல் எண்ணை அடிக்காதீர்கள். மருந்து சம்பந்தப்பட்டது என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கோ மத்திய அமைப்புக்கோ எழுதலாம். எழுதும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மருந்துப் பரிசோதனையில் பங்கேற்பவருக்கு 2019-ஆம் ஆண்டின் விதிகள் உறுதியான உரிமை தருகின்றன. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்கவேண்டும். ஒரு நகல் உங்களிடம் தரவேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும், பரிசோதனைதான் காரணம் என்றால் இழப்பீடும் உண்டு. படிவத்தில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். டாக்டர் காது கொடுக்காவிட்டால் அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

நிறுவனர்களுக்கும் ஒரு சொல். தொடக்கத்திலேயே வெளியாரிடம் கையேந்த வேண்டியதில்லை. மத்திய அரசின் பைராக் அமைப்பு 'பிக்' திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை, பங்கு எதுவும் கேட்காமல் மானியம் தருகிறது. பிறகு முதலீட்டாளரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் காட்டப்போகும் ஒவ்வொரு வரைபடத்தையும் அந்தச் சோதனையைச் செய்த ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே எடுத்துச் செல்லுங்கள். அவர் கையெழுத்திட மறுக்கிறார் என்றால், அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுப் போங்கள்.