பேதி மருந்துக்குச் சாவி பாக்டீரியா கையில்

வலியோடு மலச்சிக்கலும் சேர்ந்த ஐபிஎஸ் எனக்குப் பல வருஷமா உண்டு. அதனால்தான் சீனர்களின் மா ஸி ரென் வானைப் பற்றித் தேடிப் படித்தேன். சுமார் 1,800 வருஷத்துக்கு முன் சாங் சோங்சிங் எழுதிவைத்த, ஆறு சரக்கு சேர்ந்த மருந்து. அதில் ஒன்று இரேவல்சின்னி. அதிலுள்ள சென்னோசைடு சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே பாக்டீரியாக்கள் அதை உடைத்து ரெயின் ஆந்த்ரோன் ஆக்கினால்தான் குடல் அசையும். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சென்னோசைடு கொடுத்தார்கள், பேதியாகவில்லை. அதை உடைக்கத் தெரிந்த பிஃபிடோபாக்டீரியம் ஒன்றைக் குடலில் சேர்த்ததும் கொட்டித் தீர்த்துவிட்டது!

நம்ம ஊர் நிலவாகையிலும் இதே சென்னோசைடுதான். போன வருஷம் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட வாரத்தில் நிலவாகைச் சூரணம் கேட்கவே இல்லை. டாக்டரைக் கேட்காமல் அளவைக் கூட்டினேன். பத்து நாள் கழித்து அதே அளவு, வயிற்றைப் பிசைந்து ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. பாக்டீரியாக்கள் திரும்பி வந்திருக்கும்னு இப்போதான் தோணுது.