இசுரேலில் பாலத்தீனக் குடிமக்கள்: குடியுரிமையும் தேசிய இனமும்

முன்னுரை

தமிழ்நாட்டுப் பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'தேசிய இனம்' என்னுமிடத்தில் 'இந்தியன்' என்றே எழுதப்படுகிறது. அங்குக் குடியுரிமையும் தேசிய இனமும் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றன. இசுரேலியச் சட்டம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. எபிரேய மொழியில் குடியுரிமை 'எஸ்ரகூத்' எனவும் தேசிய இனம் 'லெஓம்' எனவும் வழங்கும். அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரான பாலத்தீன அரபு மக்களின் நிலையை இவ்வேறுபாட்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

குடியுரிமை

1948ஆம் ஆண்டுப் போருக்குப்பின் இசுரேலின் எல்லைக்குள் எஞ்சிய பாலத்தீனர் ஏறத்தாழ 1,50,000 பேர். வாக்குரிமை பெற்றிருந்தும் இவர்களுள் பெரும்பாலோர் 1966 வரை இராணுவ நிருவாகத்தின்கீழ் வாழ்ந்தனர். ஊர்விட்டு ஊர் செல்லவும் அனுமதிச்சீட்டுத் தேவைப்பட்டது. 1950ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திரும்பிவரும் உரிமைச் சட்டம், எந்நாட்டில் வாழும் யூதரும் இசுரேலில் குடியேறலாம் என்றது. 1952ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவ்வாறு வந்தோர்க்கு அவ்வுரிமையின் அடிப்படையிலேயே குடியுரிமை அளித்தது. அம்மண்ணிலேயே பிறந்த அரபு மக்களோ தாம் தொடர்ந்து அங்கு வசித்தமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒருசாரார்க்கு இனத்தாலும் மறுசாரார்க்கு வசிப்பாலும் குடியுரிமை அமைந்தது.

தேசிய இனப் பதிவு

இசுரேலின் மக்கள் பதிவேட்டில் 'யூதர்', 'அரபியர்', 'துரூசியர்' முதலிய தேசிய இனப் பெயர்கள் உள்ளன. 'இசுரேலியர்' என்பது இல்லை. அப்பெயரால் தம்மைப் பதியக் கோரிய வழக்குகளை உச்சநீதிமன்றம் 1972இலும் 2013இலும் ஏற்க மறுத்தது. 1972ஆம் ஆண்டு வழக்கைத் தொடுத்தவர் யூதராகப் பதியப்பட்டிருந்தவர் என்பது கருதத்தக்கது. இத்தீர்ப்புகளால், யூதரும் அரபியரும் ஒருங்கே இடம்பெறத்தக்க பொதுத் தேசிய இனம் சட்டத்தில் உருவாகவில்லை. 2018ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் தேசியத் தன்னுரிமை யூத மக்களுக்கே உரியது என வரையறுத்தது. அரபு மொழியை ஆட்சிமொழி நிலையிலிருந்து 'சிறப்பு நிலை'க்கு மாற்றியது.

அடையாளத்தின் இருமை

1976 மார்ச் 30 அன்று, நிலம் கையகப்படுத்தப்படுவதை எதிர்த்த போராட்டத்தில் அரபுக் குடிமக்கள் அறுவர் கொல்லப்பட்டனர். அந்நாளை 'நில நாள்' என எல்லைக்கு அப்பாலுள்ள பாலத்தீனரும் கடைப்பிடிக்கின்றனர். மறுபுறம், 2021இல் அரபுக் கட்சியொன்று இசுரேலியக் கூட்டணி அரசில் பங்கேற்றது. எழுத்தாளர் எமில் ஹபீபி 1990இல் பாலத்தீன விடுதலை இயக்கத்தின் விருதையும் 1992இல் இசுரேல் அரசின் விருதையும் ஏற்றார். குடிமக்களாக உரிமை கோருவதும் பாலத்தீனராகத் தம்மை உணர்வதும் இவர்களிடையே முரண்படுவன அல்ல.

முடிவுரை

வாக்குரிமையை மட்டும் நோக்குவோர்க்கு இம்மக்கள் சமமானவராகவும், தேசிய இன வரையறையை மட்டும் நோக்குவோர்க்கு அயலாராகவும் தோன்றுவர். இரண்டும் ஒருங்கே நிகழ்வதே இவர்தம் நிலையின் இயல்பு. ஆதலின், இப்பொருள் குறித்துத் தமிழில் எழுதுங்கால் குடியுரிமை, தேசிய இனம் ஆகிய சொற்களை வேறுபடுத்தி ஆளுதல் இன்றியமையாதது.