வயலும் வண்டியும் – 9: பம்பைக் கழற்றும் முன்

கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்குத் தொளி அடிக்கும் சில வாரங்கள் நாஞ்சில் நாட்டு டிராக்டர்களுக்கு ஓய்வே கிடையாது. தேரூர், பூதப்பாண்டி, தோவாளை என்று வயலுக்கு வயல் இறங்கி ஏறும். "ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு அண்ணே" என்று பட்டறைக்கு வண்டி வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போயிற்று. அந்த அவசரத்தில் "பம்பு போச்சு, மாத்திரலாம்" என்ற தீர்ப்பு சுலபமாக விழுந்துவிடுகிறது. செலவு கூடிய இந்தத் தீர்ப்பு பல சமயம் தப்பு.

1926இல் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் தன் பியர்ஸ்-ஆரோ காரில் பொருத்திக் காட்டிய பவர் ஸ்டீயரிங், 1951இல்தான் கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்தது. இன்று வாழைக்கும் தென்னைக்கும் இடையே புகுந்து திரும்பும் 24 குதிரைத்திறன் குட்டி டிராக்டரிலும் அது உண்டு. என்ஜின் ஓட்டும் பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருக்கும் வால்வு அதை இடமோ வலமோ பிரித்துவிடும். சிலிண்டர் சக்கரத்தைத் திருப்பும்.

கோளாறைத் தேட வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முன் டயரில் காற்று குறைந்திருந்தாலே கை கனக்கும். சேற்றில் நான்கு சக்கர இழுவையைப் போட்டுவிட்டு, அதை எடுக்காமல் தார் ரோட்டில் ஏறினாலும் அப்படித்தான். அடுத்தது முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின். தொளியில் முங்கி எழும் வண்டிக்கு அடிக்கடி கிரீஸ் அடிக்காவிட்டால் அது இறுகிப்போகும். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கேயே இறுக்கமென்றால் புதுப் பம்பு போட்டும் பயனில்லை.

பிறகு எண்ணெய். அளவுக்குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். பால் விட்ட சாயா நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நுரைத்திருந்து, பம்பும் சிணுங்கினால், உறிஞ்சும் குழாயின் கிளிப்போ ஓ-ரிங்கோ காற்றை இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்த இடத்தில் எண்ணெய் வெளியே ஒழுக வேண்டும் என்றில்லை. அதனால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடைத்துப்போன வடிகட்டியும் இதே சிணுங்கலைத் தரும்.

ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "பின்னால லிஃப்ட் எப்படித் தூக்குது?" பல சின்ன வண்டிகளில் ஒரே பம்புதான் இரண்டுக்கும். லிஃப்டும் சேர்ந்து தளர்ந்திருந்தால் எண்ணெய், வடிகட்டி, பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். லிஃப்ட் நன்றாகத் தூக்கி, ஸ்டீயரிங் மட்டும் கனத்தால் வால்விலோ சிலிண்டர் சீலிலோ கோளாறு. காலையில் சரியாக இருந்து, எண்ணெய் சூடேறிய பிறகு தளர்ந்தால் மட்டுமே தேய்ந்த பம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். அப்போதும் அழுத்தமானி மாட்டி, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டபின் கழற்றுவதே முறை.

மானி இல்லாமல் அழுத்தத்துக்கு வரம்பு கட்டும் ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கிவிடும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். குழாய் வெடிக்கும், சீல் கிழியும். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும் என்பதால், ஒழுக்கை விரலால் தடவித் தேடாமல் அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் மாற்றியபின் என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் பலமுறை திருப்பினால் உள்ளே நின்ற காற்று வெளியேறும். கோடியில் பிடித்து நிறுத்தக்கூடாது. பிறகு அளவு குறைந்திருக்கும், பார்த்து ஊற்றுங்கள்.

அடுத்த வாரம்: தூக்கிய கலப்பையைத் தானே இறக்கிவிடும் லிஃப்ட்.