கொட்டாம்பட்டியில் போட்ட எடை

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் மேலூரைத் தாண்டினால் வருவது கொட்டாம்பட்டி. கண்மாயையும் வானத்தையும் நம்பிய சிற்றூர்கள் சூழ்ந்த அந்த ஒன்றியத்தில்தான் 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. உலக வங்கியின் கடனுதவியோடு மாநில அரசு நடத்திய திட்டம் அது. கொட்டாம்பட்டியில் சோதித்துப் பார்த்த பின்பு மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி முதலிய மாவட்டங்களின் கிராமங்களுக்குப் பரவியது. முதல் கட்டம் 1989 வரை நடந்தது.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளையே அது குறிவைத்தது. அந்த வயதில் தாய்ப்பால் மட்டும் போதாது; பெரியவர்கள் உண்ணும் சோற்றைத் தேவையான அளவு உண்ணவும் குழந்தைக்கு முடியாது. தவழ்ந்து எதையும் வாயில் வைக்கும் பருவம் என்பதால் வயிற்றுப்போக்கும் அடிக்கடி வரும். இதற்குள் தாய் மறுபடி கருவுற்றால் பால் குறைந்துபோகும். அப்படி மெலிந்த பிள்ளையைத்தான் ‘சவலை பாய்ந்தது’ என்று ஊர் சொல்லும். நோயின் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும் சொல் அது. ஆனால் விலா எலும்பு தெரிந்த பிறகே அது ஊராரின் வாயில் வரும். தராசு அதற்கு முன்பே சொல்லிவிடுகிறது.

திட்டத்தின் உயிர் அந்தத் தராசில் இருந்தது. மாதந்தோறும் ஒவ்வொரு குழந்தைக்கும் எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். கோடு மேலே ஏறினால் தாய்க்கு அறிவுரை மட்டும். ஏறாமல் படுத்துவிட்டால் 90 நாட்களுக்குத் தினமும் சத்துருண்டை. எடை தேறியதும் உருண்டை நிற்கும். தேறாவிட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் எப்போதும் சோறு போடும் திட்டங்களிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. உணவை மருந்தைப்போல அளவும் கெடுவும் வைத்துக் கொடுத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உருண்டை, தன் பிள்ளைக்கு இல்லை என்றால் எந்தத் தாய்க்கும் மனம் சுருக்கென்று இருக்கும். உருண்டை கிடைக்காததுதான் நல்ல செய்தி என்று அவளுக்குப் புரியவைப்பது எளிய வேலை அல்ல.

அந்த வேலையைச் செய்தவர் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர். ஏறக்குறைய 1,500 பேருக்கு ஒருவர் வீதம், அந்தந்த ஊரிலேயே வாழும் பெண்கள் தேர்வானார்கள். ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கும் பெண் கிடைத்தால் அவருக்கே முன்னுரிமை. இது கூர்மையான யோசனை. வெளியூர் அதிகாரி வந்து கீரையின் பெருமையைப் பேசினால், ‘வாங்கக் காசு?’ என்று கேட்டுவிடலாம். அதே தெருவில், அதே கூலியில் பிள்ளை வளர்ப்பவரிடம் அந்தக் கேள்வி எடுபடாது. எடை போட்டால் கண்பட்டுவிடும் என்று தயங்கும் பாட்டியிடம் பேசி வழிக்குக் கொண்டுவரவும் அவரால்தான் முடியும். அவருக்குத் துணையாக ஊர்ப் பெண்களின் குழுக்கள் அமைக்கப்பட்டன. எடை போடும் நாளில் தாய்மார்களைத் திரட்டுவதும் உருண்டை தயாரிப்பதில் கைகொடுப்பதும் அவர்கள் பங்கு.

திட்டம் நடந்த பகுதிகளில் சிறு குழந்தைகளிடம் கடுமையான ஊட்டக்குறை மற்ற பகுதிகளைவிட வேகமாகக் குறைந்தது. உலகின் பல நாடுகள் இதை எடுத்துக்காட்டாகப் பார்த்ததற்கு அதுவே காரணம். குறைகளும் இருந்தன. லேசான, மிதமான ஊட்டக்குறை அவ்வளவு எளிதில் அசையவில்லை. பெண்கள் குழுக்களும் எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் இயங்கவில்லை. இரண்டாம் கட்டம் 1990-இல் தொடங்கி 1997 வரை நடந்தது. பின்னர் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு கலந்துவிட்டது.

மதுரையின் பங்கு இதோடு முடியவில்லை. அரசு மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்த கோ. வெங்கடசாமி, வைட்டமின் ஏ குறைவால் பார்வை இழக்கும் குழந்தைகளைத் தாயோடு சேர்த்துத் தங்கவைத்து, எதைச் சமைத்துக் கொடுப்பது என்று கற்பிக்கும் மையத்தை 1970-களின் தொடக்கத்தில் நடத்தினார். 1976-இல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா, திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார். வாரந்தோறும் வீடு தேடிச் சென்று சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்தவர்கள் கிராமத் தொண்டர்கள். ஓராண்டில், அதைப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைவாக இருந்தது. 1990-இல் வெளியான அந்த முடிவு, மாலைக்கண்ணுக்கான மருந்து உயிரையும் காக்கும் என்பதற்கு வலுவான சான்றுகளுள் ஒன்றாயிற்று. கிராமத் தொண்டர்கள் வாரந்தோறும் படியேறியிராவிட்டால் அந்த எண்ணே கிடைத்திருக்காது.

பள்ளி வயதுக்கு வந்தால், 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரை சிம்மக்கல்லில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. ஊர்ப்புறங்களில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்களையே சமையலுக்குத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அன்று எடை போடும் பெண்ணைத் தேர்ந்த அதே யோசனை இங்கே அடுப்படிக்கு வந்திருக்கிறது.

ஊரில் ‘பால்வாடி’ என்று சொல்லும் அங்கன்வாடியில் இன்றும் மாதம் ஒருமுறை எடை போடுகிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்த நாளைத் தவறவிட வேண்டாம். எடையை எழுதியதும் அட்டையைக் கேட்டு வாங்கி, போன மாதப் புள்ளிக்கும் இந்த மாதப் புள்ளிக்கும் நடுவே கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.