நிலவறைக் கொதிகலன் மாறும்போது

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில், பனிக்காலத்தில் வீட்டை உஷ்ணமாக வைத்திருப்பது சோறு தண்ணீரைப் போலவே உயிர் காக்கும் காரியம். அங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில், நிலவறையில் ஒரு கொதிகலனும், பெரும்பாலும் 275 காலன் கொள்ளும் எண்ணெய்த் தொட்டி ஒன்றும் நெடுங்காலமாக இந்தக் காரியத்தைச் செய்து வந்திருக்கின்றன. தெருவில் எரிவாயுக் குழாய் வந்துவிட்ட இடங்களில், எண்ணெய் லாரியை எதிர்பார்த்திருக்கும் தொல்லையை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிடலாம் என்ற எண்ணம் எழுவது சகஜமே. அவ்விதம் மாற விரும்புவோருக்கு, அங்கே வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களையும் சேர்த்தே, ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: போக வேண்டிய பழைய சாதனம் பூரணமாகப் போகாமல் பாதி தங்கிவிடுவதே பல விபத்துகளுக்கு மூலகாரணம்.

முதலாவது, வெளிச்சுவரில் எண்ணெய் ஊற்றுவதற்கென உள்ள குழாய். தொட்டியை அகற்றியவர்கள் இந்தக் குழாயை அகற்றாமல் விட்டுவிட, பிற்பாடு விலாசம் தவறி வந்த லாரிக்காரர், தொட்டி உள்ளே இருப்பதாகவே நம்பி, காலன் காலனாக எண்ணெயை வெறும் நிலவறைத் தரையில் பாய்ச்சிவிட்ட சம்பவங்கள் அப்பிரதேசத்தில் நிகழ்ந்திருக்கின்றன. மண்ணில் இறங்கிய எண்ணெயைச் சுத்தம் செய்யும் பொறுப்பை, குற்றம் யாருடையது என்று பாராமலே, 1983-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் வீட்டுச் சொந்தக்காரர்மீது சுமத்துகிறது. சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் அந்தச் செலவை ஏற்பதில்லை. ஆகையால், தீயணைப்புத் துறையின் அனுமதி பெற்றுத் தொட்டியை எடுக்கும் நாளிலேயே, ஊற்றும் குழாயையும் காற்றுப்போக்கிக் குழாயையும் உங்கள் கண்முன் அகற்றச் செய்யுங்கள். இனி எண்ணெய் வேண்டாம் என்று எண்ணெய்க் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

இரண்டாவது, புகைபோக்கி. எரிவாயுவின் புகை, எண்ணெய்ப் புகையைக் காட்டிலும் உஷ்ணம் குறைந்தது, நீராவி மிகுந்தது. அகன்ற செங்கல் புகைபோக்கிக்குள் அது குளிர்ந்து அமிலநீராக வடிந்து, காரையை அரித்து, உதிர்ந்த கல்லால் வழியையே அடைத்துவிடக்கூடும். இதனால்தான், பழைய புகைபோக்கியையே உபயோகிப்பதானால், அதனுள் தக்க அளவுள்ள உலோகக் குழாயை இறக்குவது அவசியமாகிறது. கொதிகலனை அகற்றுவதிலும் ஓர் எச்சரிக்கை: பழைய கொதிகலனைச் சுற்றியுள்ள வெண்மையான பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைத் தம் கையால் உடைத்தெடுக்க ஒருவரும் முற்படலாகாது.

புகைவழி அடைபட்டால் வீட்டுக்குள் திரும்பும் கார்பன் மோனாக்ஸைடு, நிறமும் வாசனையும் அற்ற விஷவாயு. 2005 ஜனவரியில் அம்மாநிலத்தின் பிளிமத் நகரில், பெரும் பனிப்புயலின்போது வெப்பச் சாதனத்தின் புகைவாயைப் பனி மூடிக்கொள்ள, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். அவள் பெயரால் இயற்றப்பட்ட நிக்கோல் சட்டத்தினால், 2006 மார்ச் 31 முதல் எரிபொருள் எரிக்கும் சாதனமுள்ள வீடுகளில் விஷவாயு எச்சரிக்கை மணி கட்டாயமாயிற்று. பக்கச் சுவர் வழியே தாழ்வாகப் புகைவாய் வைத்தால், அதற்கு நேர்மேலே, தரையிலிருந்து குறைந்தது எட்டடி உயரத்தில், கீழே புகைவாய் உள்ளது என்று எச்சரிக்கும் பலகை பதிக்க வேண்டும் என்பதும் விதி. பனி பெய்யும்போதெல்லாம் அவ்விடத்தைத் துப்புரவாக வைத்திருப்பது வீட்டாரின் கடமை. எரிவாயு நாற்றம் வீசினாலோ, விளக்கின் சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து 911-ஐ அழையுங்கள்.

இனி உரிமைகள். எரிவாயு வேலையை லைசென்ஸ் பெற்றவரே செய்ய வேண்டும். வீட்டுக்காரர் தாமே செய்வதற்கும் அங்கே அனுமதியில்லை. நகரசபையில் பெர்மிட் பெறுவதும், முடிந்தபின் நகரப் பரிசோதகர் வந்து பார்ப்பதும் உங்கள் உயிருக்குக் காவலாக ஏற்பட்டவை. "பெர்மிட் இல்லாமல் மலிவாக முடித்துத் தருகிறேன்" என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். எரிவாயுவை அளக்கும் அலகான தெர்ம் கணக்கில், ஒரு காலன் எண்ணெயின் வெப்பம் ஏறக்குறைய 1.4 தெர்ம் எரிவாயுவின் வெப்பத்துக்குச் சமம். இக்கணக்கில் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் லாபம் உண்மையா என்பது விளங்கும். வீடு தேடி வந்த விற்பனையாளரிடம் அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டால், மூன்று வேலைநாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்துச் செய்யும் உரிமை உண்டு.

வஞ்சிக்கப்பட்டவருக்குப் பரிகாரமும் உண்டு. மாநிலத்தின் 93ஏ நுகர்வோர் சட்டப்படி நஷ்டத்தை விவரித்துக் கடிதம் அனுப்பி, முப்பது நாள் தவணை கொடுக்கலாம். வேண்டுமென்றே ஏமாற்றியவரிடமிருந்து இரட்டிப்பாகவோ மும்மடங்காகவோ நஷ்டஈடு பெற்றுத்தரவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 7,000 டாலர் வரையிலான கோரிக்கைகளைச் சிறுவழக்கு மன்றமே விசாரிக்கும். இவற்றுக்கெல்லாம் ஆதாரம் காகிதமே. ஒப்பந்தம், பெர்மிட், பரிசோதகரின் கையொப்பம், ரசீது ஆகியவற்றை ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்கெனவே மாறிவிட்ட குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இன்றே வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். சுவரில் பழைய எண்ணெய்க் குழாய் இன்னும் நின்றால், அடுத்த லாரி வருமுன் அதை எடுத்துவிடுங்கள்.