குடலில் உருவாகும் கழிவு, புற்றுநோய்க்கு எதிரி!



கம்பங்கூழ், சோளச்சோறு, பழைய சோறு எல்லாம் ‘இல்லாதவங்க சாப்பாடு’ என்று பல வீடுகளில் ஒதுக்கிவிட்டோம். அந்தச் சாப்பாட்டுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

எருக்குழி போல நம் பெருங்குடல்

எருக்குழியில் கொட்டும் குப்பையைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்று உரமாக்குகின்றன அல்லவா? பெருங்குடலிலும் அப்படித்தான். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை அங்குள்ள நுண்ணுயிர்கள் தின்கின்றன. அவை வெளியேற்றும் கழிவுகளில் ஒன்றின் பெயர் பியூட்டிரேட்.

ஒரே பொருள், இரண்டு வேலை

ஆரோக்கியமான குடல் செல்லுக்கு இதுதான் எரிபொருள். அடுப்பில் வைத்த விறகு போல எரித்துத் தீர்த்துவிடும். புற்றுநோய் செல்லோ சர்க்கரையைத்தான் அதிகம் தின்னும். இதை ஜெர்மனி விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்தார். அதனால் பியூட்டிரேட் எரியாமல் அதற்குள் தேங்குகிறது.

தேங்கினால் என்ன ஆகும்? பழுதான செல் தானே செத்துப்போக, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கட்டளை உண்டு. புற்றுநோய் செல் அதை அமுக்கி வைத்திருக்கும். தேங்கிய பியூட்டிரேட் அந்தக் கட்டளையைத் தட்டி எழுப்புகிறது. செல் பெருகாமல் நின்று, செத்துப்போகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றுநோய் செல்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

குடல் நுண்ணுயிர்கள் கெடுதலும் செய்யும். கல்லீரல் கட்டி அனுப்பும் நச்சை அவிழ்த்துவிடும் நொதி அவற்றிடம் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் எலிகளிடம் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், சீரகமும் மிளகும் கொடுத்த எலிகளுக்கு அந்த நொதியின் வேகம் குறைவாக இருந்தது.

நாம் செய்ய வேண்டியது

1. பெரியவர்களுக்குத் தினமும் 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கம்பு, சோளம், கீரை, மொச்சை, கொய்யா இவற்றில் நிறைய உண்டு. ஆறவைத்த சோற்றிலும் குடல் நுண்ணுயிர்களுக்குத் தீனி இருக்கிறது.

2. எல்லாருக்கும் போட்டுவிட்டு வெறும் சோறும் ரசமும் சாப்பிடாதீர்கள். காய், கீரையில் உங்கள் பங்கை எடுத்து வையுங்கள்.

கவனம்!

கம்பங்கூழ் நோயைத் தடுக்க உதவும். வந்த நோயைக் குணமாக்காது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் போகும் வழக்கம் மாறுவது இருந்தால், ‘மூலமா இருக்கும், யார்கிட்ட சொல்றது’ என்று மறைக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கந்துவட்டிக்கு ஓட வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு சகோதரி உங்கள் குழுவிலேயே இருக்கலாம்.